இரண்டாம் பரிசு டம்ளர்

உன் டம்ளர் என் வீட்டுக்கு வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். உனக்கு வருஷத் திதி கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சிட்லபாக்கத்தில் நாங்கள் மாறி வந்த இந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டோக்காரரோடு சண்டையே போட்டுவிட்டாராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது உங்கிட்ட இருக்கட்டும்மா. அவ காப்பி இதுலதான் குடிப்பா. வேற டம்ளர்ல குடுத்தா வாணாம்னு வச்சிட்டுப் பூடுவா. ஏன்டின்னு கேட்டா, உனுக்குத் தெரியாதும்மான்னுவா. உனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்தோம், வேறு டம்ளர்களில்.

அவர் போனபிறகு அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே வெட்டிய எழுத்தில் பாதி தேய்ந்துபோயிருந்தது. பள்ளியின் பெயர் இல்லை. 'இரண்டாம் பரிசு' என்பது மட்டும் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. இதே மாதிரி ஆறு டம்ளர்கள் என் அலமாரியில் இருக்கின்றன, ஒரு கீறல் இல்லாமல். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை வருடத்துக்கு ஒன்று. நம் பள்ளியில் முதல் பரிசு தட்டு, இரண்டாம் பரிசு டம்ளர். உன் வீட்டில் ஆறு தட்டுகள். இந்த ஒரு டம்ளர் மட்டும்தான் முறை மாறி உன் வீட்டுக்குப் போனது.

மறுநாளே பள்ளியிலிருந்து போன். நம் கணக்கு மிஸ்தான் இப்போது தலைமை ஆசிரியை. குரல் அப்படியேதான் இருக்கிறது, சாக்பீஸ் தூள் படிந்த மாதிரி. "இந்த வருஷம் ப்ளஸ் டூவில் ஃபர்ஸ்ட் வந்த பொண்ணு பரிசு வாங்க வரமாட்டேங்கிறா. போட்டோன்னாலே ஓடறா. காரணம் கேட்டா வாயே திறக்கல. எனக்கு உன் ஞாபகம்தான் வந்துது. நீ வந்து பரிசு குடுக்கிறியா? நீ வர்றேன்னா அவளும் வருவா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்டிருப்பாய். மேடை, போட்டோகிராபர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு இலவசமாகப் போடுகிற வட்டாரப் பத்திரிகை. அதை நினைத்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இத்தனை வயதுக்குப் பிறகும். நீ இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்லியிருப்பாய். நீ இல்லை, அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நெஞ்சு அடங்கும்.

அம்மாவும் நானும் விமானத்தில் வந்தவர்கள். எனக்கு மூன்று வயது. அப்பா இலங்கையிலேயே போய்விட்டார், எங்கே எப்படி என்று யாருக்கும் தெரியாது. படகில் வந்தவர்களுக்கு முகாம் இருந்தது, முகாம் அட்டை இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு விசா. அது முடிந்துபோனது. பதிவு செய்யப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா போகாமல் இருந்தார். ஒரு வருடம் போகாததற்கு மறுவருடம் பயம். அடுத்த வருடம் இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் பயம். இப்படியே பயம் என்னோடு சேர்ந்து வளர்ந்து ப்ளஸ் டூவுக்கு வந்துவிட்டது.

ஏரிக்குப் பின்னால் மாடிப் போர்ஷனில் அம்மா சேலைக்கு ஃபால்ஸ் தைத்தார். வாடிக்கைக்காரர்களிடம் தலையை ஆட்டுவார், சிரிப்பார், பேச மாட்டார். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அவரைப் பேச வராதவர் என்றே நினைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் சட்டதிட்டங்கள் ஏராளம். சொந்த ஊர் கேட்டால் ராமநாதபுரம் பக்கம் என்று சொல். குரூப் போட்டோவில் பின்வரிசையில், உயரமான பெண்ணுக்குப் பின்னால் நில். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் இன்னொன்று.

"ரெண்டாவதா வா பிள்ளை, அது காணும். முதலாவதா வாறவையளைத்தான் படம் எடுப்பினம். படம் வந்தா எந்த ஊர், ஆர் பிள்ளை எண்டு கேப்பினம்."

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரச் சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை. படிக்கிற பிள்ளை என்ற பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இரண்டாவது இடம். நானும் கெட்டிக்காரியாக அதைப் பழகிக்கொண்டேன். நீ எவ்வளவு எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி ஐந்து மார்க் கேள்வியைத் தொடாமல் பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிடுவேன். முழுவதும் எழுதுவதைவிட அது கஷ்டம். விடை தெரிந்த கேள்விக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ப்ளஸ் டூ காலாண்டுத் தேர்வில் நீ கண்டுபிடித்தாய். கணக்குப் பேப்பர் கொடுத்த அன்று என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாய். கடைசிக் கணக்குக்கு இடம் விட்டிருந்தது, பேனா பட்ட அடையாளமே இல்லை. அந்தக் கணக்கை முதல்நாள் சாயங்காலம் உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டு முறை.

"இன்னாடி இது?"

"மறந்துட்டேன்."

"நீ சொல்லிக் குடுத்து நான் எழுதி முழு மார்க் வாங்கிக்கினேன். நீ மறந்துட்டியா?" உன் மூக்கு விடைத்தது. அடுத்த கேள்வி மெதுவாக வந்தது. அதுதான் பயமாக இருந்தது. "போன வருஷமும் கடைசி கணக்கு. அதுக்கு முன்னாடி சயின்ஸ்ல கடைசி கேள்வி. இத்தினி வருஷமா நீ போட்ட பிச்சையிலதான் நான் ஃபஸ்ட்டு வந்துகினு இருந்தேனா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நீ பேப்பரை என் மேஜைமேல் வீசிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவாய். உன் வீட்டு மாடியில் வரிசையாக மாட்டியிருந்த ஆறு தட்டுகளையும் கழற்றி இறக்கிவிட்டாய் என்று சொல்லி உன் அம்மா வந்து என் அம்மாவிடம் கேட்டார், "ரெண்டு பேருக்கும் என்னா சண்டை?" அம்மா தலையை ஆட்டினார், சிரித்தார்.

அந்தத் தட்டுகள்தான் என்னைப் பேச வைத்தன. நீ கோபித்தால் தாங்கிக்கொள்ளலாம். நீ உன்னையே குறைத்து நினைத்துக்கொண்டாய், அதைத் தாங்க முடியவில்லை. உன்னை ஏரிக்கரைக்குக் கூப்பிட்டேன். வரமாட்டாய் என்று நினைத்தேன், ஸ்கூட்டரில் வந்து எஞ்சினை அணைக்காமல் நின்றாய். அம்மா உயிரே போனாலும் சொல்லாதே என்ற எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன். உன் அப்பாவுக்குக் கட்சிக்காரர்கள், போலீஸ்காரர்கள் எல்லோரையும் தெரியும். அவர் நடத்துகிற கல்யாண மண்டபத்துக்கு வராதவர் யார்? சாப்பிடும்போது நீ ஒரு வார்த்தை தவறி விட்டால் போதும், நாங்கள் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நீ எஞ்சினை அணைத்தாய். "அவ்ளோதானா?" என்றாய்.

"அவ்வளவுதானாவா?"

"நான் மக்குன்னு நெனச்சி, பாவம்னு வுட்டுக் குடுக்கறியோன்னு நெனச்சிகினேன்டி. தூக்கமே இல்ல எனுக்கு."

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. என் தலைமேல் கத்தி தொங்குகிறது, இவளுக்குத் தன் மார்க்தான் பெரிது. ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஐயோ பாவம் என்று நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். ப்ளஸ் டூ முடித்ததும் அம்மாவோடு தைக்க வேண்டியதுதான். கல்லூரிக்குக் கட்ட எங்களிடம் எதுவும் இல்லை. உதவித்தொகை கேட்டால் ஆதார் கேட்பார்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். ஒன்றும் இல்லாதவள் எந்த வாசலில் போய் நிற்பது?

நீ ஒத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா போனிலிருந்து ஊரில் உள்ள டிரஸ்டுகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"சார், ஆதார் இல்லாத பொண்ணுக்கு எதுனா ஸ்காலர்ஷிப் கீதா சார்?... தொலையல சார், எடுக்கவே இல்ல... அப்பிடின்னா வோட்டர் ஐடியும் இருக்காது சார்... யாரா? என் ஃப்ரெண்டு சார்... பேரு எதுக்கு சார் உங்களுக்கு?"

டப்பென்று வைத்துவிடுவாய். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்திருக்கும். ஒரு இடத்தில் நேரில் வரச் சொன்னார்கள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இறங்கிப் போனோம். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "முகாம் அட்டை இருந்தா உடனே பண்ணலாம்மா. முகாம்ல இல்லாதவங்கன்னாலும் போலீஸ் பதிவாவது வேணும். ஒண்ணுமே இல்லன்னா நான் யார் பேருக்கு செக் எழுதுறது?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. திரும்பி வந்து ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றபோது, ஒரு ரயில் நிறையக் காலேஜ் பெண்கள் இறங்கிப் போனார்கள். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. அந்தப் பக்கம் பார்க்காதே என்று என் தலையைத் திருப்பிவிட்டாய்.

கடைசியில் அது நம் பள்ளியிலேயே இருந்தது. குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவரில் ஒரு கல்வெட்டு. ஆறு வருடம் அதற்குக் கீழேதான் குனிந்து தண்ணீர் குடித்தோம். பள்ளியில் பழைய காலத்தில் படித்த ஒரு பெண்மணியின் நினைவாக, ப்ளஸ் டூ தேர்வில் பள்ளியில் முதலாவதாக வரும் மாணவிக்கு மூன்று வருடக் கல்லூரிக் கட்டணம். பள்ளியே கல்லூரிக்குக் கட்டிவிடும். சாதி கிடையாது, வருமானம் கிடையாது, அட்டை கிடையாது. மார்க் மட்டும்.

நீ என்னைப் பார்த்தாய், நான் கல்லைப் பார்த்தேன். இந்த ஊரிலேயே எனக்குத் திறந்திருந்த ஒரே கதவு அதுதான். அதற்கு முதலாவதாக வரவேண்டும். முதலாவதாக வந்தால் மேடை, போட்டோ, பத்திரிகை.

"எழுது" என்றாய்.

"அம்மா விடமாட்டாங்க."

"ஆன்ட்டி இன்னா பரிட்சை ஹாலுக்கு வந்து கைய புடிச்சிக்கப் போறாங்களா? நல்லாக் கேட்டுக்கோ. நீ ஒரு கேள்வி வுட்டா நான் ரெண்டு வுடுவேன். நீ ரெண்டு வுட்டா நான் நாலு. ரெண்டு பேரும் ஒண்ணா ஃபெயிலாவலாம். நீ முழுசா எழுது, நானும் முழுசா எழுதறேன். தோத்தா நாயமா தோக்கறேன்."

"நீ ஜெயிச்சா?"

"அப்போ பாத்துக்கலாம்."

அந்த 'அப்போ பாத்துக்கலாம்' என்ன என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அம்மாவிடம் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. தையல் மெஷினை நிறுத்தினார். "அவளிட்டச் சொல்லிப்போட்டியே? உனக்கு விசர் பிடிச்சிட்டுதே?" என்றார். மறுநாள் பரணிலிருந்து சூட்கேஸ் கீழே இறங்கியிருந்தது. பரீட்சை முடியும்வரை அது கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. நான் கீழே உட்கார்ந்து படிக்கும்போது முழங்காலில் இடிக்கும். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எது நடந்தாலும் அன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று அவர் தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

கணக்குப் பரீட்சை அன்று எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் நீ. உன் பின்னலில் வைத்திருந்த மல்லிகை வாடுகிற வாசனை எனக்கு வந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். தெரிந்த கணக்குதான். பேனாவை வைத்துவிட்டேன். வேண்டுமென்று வைக்கவில்லை, கை தானாகப் பழகியிருந்தது. கட்டிலடிச் சூட்கேஸ் ஞாபகம் வந்தது. அம்மா சேலை ஓரத்தைப் பல்லால் கடித்து நூலை அறுப்பது ஞாபகம் வந்தது. இந்த ஐந்து மார்க்கை எழுதினால் அம்மாவை நான் தெருவில் நிறுத்துகிறேன் என்றே தோன்றியது.

நிமிர்ந்தபோது நீ திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பேனாவும் மேஜைமேல் மூடி போட்டுக் கிடந்தது.

"முன்னாடி பாரும்மா" என்றார் கண்காணிக்க வந்த ஆசிரியர். நீ முன்னால் திரும்பினாய். பேனாவை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல், முதுகு நேராக உட்கார்ந்திருந்தாய். மணி அடிக்க அதிக நேரம் இல்லை. உனக்கு எத்தனை கேள்வி பாக்கி என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கை போனால் போகட்டும், இந்தப் பைத்தியம் தன்னுடையதையும் கெடுத்துக்கொள்கிறதே என்று. அந்தக் கோபத்தில்தான் பேனாவைத் திறந்தேன். விறுவிறுவென்று எழுதினேன், கோடெல்லாம் கோணல். பக்கத்தைத் திருப்புகிற சத்தம் வேண்டுமென்றே பலமாகக் கேட்கும்படி திருப்பினேன்.

உன் தோள் அசைந்தது. நீயும் பேனாவை எடுத்தாய்.

மூன்று மார்க் வித்தியாசத்தில் நான் முதலாவது. செய்தி வந்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கெட்டிக்காரி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், உடனே "படம் எடுப்பினமோ?" என்றார். ஒரே மூச்சில் மூன்றும்.

பள்ளியில் சின்ன விழா வைத்தார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், கணக்கு மிஸ் கேட்கவில்லை, மேடையில் வாங்கினால்தான் ஆயிற்று என்றுவிட்டார். பெரிய தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிரே போட்டோகிராபர், அவருக்குப் பக்கத்தில் பத்திரிகைக்காரர். கால் நகரவில்லை. இப்போது இந்த முகம் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை ஒவ்வொரு வாசலிலும் விழப்போகிறது.

நீ டம்ளரோடு ஓடிவந்து என் தோளோடு ஒட்டி நின்றாய். என் கையிலிருந்த தட்டை இடது கையால் பிடுங்கி, கேமராவுக்குக் காட்டுகிற மாதிரி என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய்.

"பாப்பா, தட்டை இறக்கும்மா."

"தட்டுதானண்ணா பரிசு. அது நல்லா வுழணும்."

"பொண்ணு மூஞ்சி தெரியல."

"என் மூஞ்சி தெரியுதுல்ல? எடுண்ணா, பஸ்ஸு போய்டும்."

தட்டுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. புது எவர்சில்வரில் என் மூச்சு ஆவியாகப் படிந்தது. வெளியே பளிச் பளிச்சென்று இரண்டு தடவை அடித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்ததும் அம்மாதான் முதலில் பிரித்தார். நடுவில் ஒரு பெரிய வெள்ளை வட்டம். அதற்குக் கீழே என் பாவாடை, பக்கத்தில் டம்ளரோடு உன் முப்பத்திரண்டு பல். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதோடு முடியவில்லை. கல்லூரி அலுவலகத்திலும் அதே கேள்விதான். கட்டணம் தயார், மார்க் தயார், ஆதார் எங்கே? ராமநாதபுரம் என்று சொல்ல வாய் வந்தது. நீ பக்கத்தில் நின்றிருந்தாய். என்னவோ, உன் முன்னால் பொய் சொல்லக் கூச்சமாக இருந்தது. "நாங்க இலங்கை சார். பதிவு இல்லை" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்வரை உன் கையை நான் நகம் பதியப் பிடித்திருந்தேனாம், பல நாள் தழும்பைக் காட்டிக்காட்டிச் சொல்வாய். சீட்டை நிறுத்திவைக்கிறோம், பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்றார்கள்.

இத்தனை வருடம் ஓடிய இடத்துக்கே அம்மா நடந்து போனார். உன் அப்பா கூட வந்தார். அவருக்கு நீ எப்போது சொன்னாய், எப்படிச் சொன்னாய், தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்து, மறுபடி போய், மறுபடி உட்கார்ந்து, கடைசியில் எங்கள் பெயர் ஒரு இடத்தில் ஏறியது. இன்றைக்கும் நாங்கள் குடிமக்கள் இல்லை. விண்ணப்பம் எங்கேயோ நிற்கிறது. ஆனால் நாங்கள் இருக்கிறோம் என்பது யாருக்கோ தெரியும். படித்தேன். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். குரூப் போட்டோவில் இன்னும் பின்வரிசைதான்.

நீயும் அதே கல்லூரியில் படித்து, மண்டபத்தை எடுத்து நடத்தி, ஆட்களை விரட்டி வேலை வாங்கி, என்னை மாதம் ஒருமுறை பந்தியில் உட்கார வைத்தாய். போன வருஷம் உனக்கு வந்தது சாதாரண மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் அன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. அன்னிக்கு நீ முழுசா எழுதினியா?"

கண்ணெல்லாம் மஞ்சள். சிரிப்பு மட்டும் பத்திரிகையில் வந்த அதே சிரிப்பு.

"ஏன், தட்டைத் திருப்பிக் குடுக்கப் போறியா?"

அவ்வளவுதான் சொன்னாய். மறுநாள் பேசும் நிலையில் நீ இல்லை.

காலாண்டுப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நீ நின்றாயே, அதே இடத்தில் நான் இத்தனை வருடம் நிற்கிறேன். இது எனக்கு வந்ததா, நீ போட்டதா? நியாயமாகத் தோற்றவள்தான் அந்த டம்ளரில் தினமும் பெருமையாகக் காப்பி குடிப்பாள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. விட்டுக்கொடுத்தவளுக்கும் அது பெருமைதானே என்று மறுநாள் தோன்றுகிறது. உன் மேல் கோபமாக வருகிறது. நீ இல்லாத இந்த ஊரில், மண்டபத்து வாசலைக் கடக்கும்போதெல்லாம் நீ நிற்கிறாயா என்று உள்ளே எட்டிப் பார்க்கிறேன். இரண்டையும் எழுதிவிட்டேன்.

விழா நாளைக்கு. இன்று காலையில் மிஸ்ஸுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்ன காரணமோ, எனக்குத் தெரியாது. எந்தக் காரணமாக இருந்தாலும் போட்டோவுக்குப் பயந்து ஓடுவது என்னவென்று எனக்குத் தெரியும். என் காது உயரம் இருப்பாளாம், மிஸ் சொன்னார். மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று என் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடது கையில் பிடித்து, கழுத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்தால் அவள் முகம் சரியாக மறையும். கை கொஞ்சம் வலிக்கிறது. நீ எப்படி அவ்வளவு நேரம் பிடித்தாய்?

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளையின்ர முகம் மறையும். உன்ர முகம்?" என்றார்.

"விழும்மா. நல்லா விழும்."

அவர் போய் அலமாரியைத் திறந்தார். கொஞ்ச நேரம் எதையோ புரட்டினார்.

"எந்தச் சீலை உடுக்கப் போறாய்?" என்று கேட்டார்.

நாளைக் காலை உன் டம்ளரில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். போட்டோகிராபர் தட்டை இறக்கச் சொல்வார். நான் இறக்கப் போவதில்லை. சிரித்துக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்க்கப் போகிறேன்.